ஏணியும் மரமும்: பரிணாமத்தை ஏற்க மனம் ஏன் தயங்குகிறது?



பூமியே கதிரவனைச் சுற்றி வருகிறது என்று அறிஞர்கள் சொன்னபோது உலகம் நம்ப மறுத்தது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே நோய்களை உண்டாக்குகின்றன என்றபோதும் பலர் நகைத்தனர். காலப்போக்கில் இவ்விரண்டும் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்திகளாகிவிட்டன. ஆனால், உயிரினங்கள் யாவும் பொது மூதாதையரிடமிருந்து படிப்படியாக மாறிக் கிளைத்தவை என்னும் பரிணாமக் கொள்கையின் நிலை வேறு. அது வெளிவந்து 160 ஆண்டுகளுக்கு மேலாகியும், அதைக் கேட்டவுடன் முகம் சுளிப்போர் எல்லா நாடுகளிலும் உள்ளனர். தமிழ்நாட்டில் இதனைப் பரிணாமம் என்றும் படிமலர்ச்சி என்றும் வழங்குவர். இலங்கைப் பாடநூல்களில் இது ‘கூர்ப்பு’ எனப்படுகிறது. பெயர் எதுவாயினும் தயக்கம் ஒன்றுதான்.

இத்தயக்கத்தைக் கல்லாமையின் விளைவு என்று சொல்லிவிடுவது எளிது. வரலாறு அதற்கு இடந்தரவில்லை. 34 நாடுகளில் திரட்டிய கருத்துக்கணிப்புகளை ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2006ஆம் ஆண்டு ‘சயன்ஸ்’ இதழில் வெளியானது. ஐஸ்லாந்து, டென்மார்க், சுவீடன் போன்ற நாடுகளில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் பரிணாமத்தை ஏற்றனர். நிலவுக்கு மனிதனை அனுப்பிய அமெரிக்காவோ கடைசிக்கு முந்திய இடத்தில் நின்றது. துருக்கி மட்டுமே அதற்குக் கீழே இருந்தது. அமெரிக்காவில் ஏற்போர் தொகை பாதியைக் கடந்தது அண்மைக் காலத்தில்தான். ஆகவே, கல்விக்கு அப்பால் வேறு காரணங்களும் உள்ளன. அவை மனித மனத்தின் உள்ளே இருக்கின்றன. தமிழராகிய நம் வரலாற்றிலும் அவற்றின் தடங்கள் ஆழமாகப் பதிந்துள்ளன.

கண்டறிந்தவரே தயங்கிய கதை

பரிணாமம் என்றவுடன் டார்வினின் பெயரே நம் நினைவிற்கு வருகிறது. அக்கொள்கையின் மற்றொரு தந்தை நம் மண்டலத்தில் அலைந்து திரிந்தவர் என்பதைப் பலர் அறியார். ஆல்பிரட் ரசல் வாலஸ் 1854ஆம் ஆண்டு சிங்கப்பூரில் வந்திறங்கினார். மலாக்காவில் பூச்சிகளையும் பறவைகளையும் சேகரித்தார். சரவாக்கில் தங்கியிருந்தபோது, 1855இல், ஒவ்வோர் உயிரினமும் தன்னை ஒத்த முந்தைய உயிரினம் வாழ்ந்த இடத்தையும் காலத்தையும் ஒட்டியே தோன்றுகிறது என்று ஒரு கட்டுரை எழுதினார். 1858இல் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலால் நடுங்கிக் கிடந்த வேளையில் இயற்கைத் தேர்வு என்னும் கருத்து அவருக்குள் உதித்தது. அதை எழுதி டார்வினுக்கு அனுப்பினார். அவ்வாண்டு சூலை முதல் நாள் இருவர் எழுத்துகளும் இலண்டன் லின்னேயன் கழகத்தில் ஒன்றாகப் படிக்கப்பட்டன. டார்வினின் பெருநூல் மறு ஆண்டு நவம்பரில் வெளிவந்தது.

வியப்பு இனிமேல்தான். 1869ஆம் ஆண்டில் அதே வாலஸ், மனிதனின் மூளையும் பேச்சும் உயர்ந்த சிந்தனையும் இயற்கைத் தேர்வினால் மட்டும் உருவாகியிருக்க முடியாது, ஏதோ ஒரு மேலான அறிவு அவற்றை வழிநடத்தியிருக்க வேண்டும் என்று எழுதினார். டார்வின் மிகவும் வருந்தினார். நம் இருவரின் குழந்தையை நீங்களே கொன்றுவிடவில்லை என நம்புகிறேன் என்னும் பொருள்பட அவருக்கு மடல் எழுதினார்.

வாலஸுக்குச் சான்றுகள் போதவில்லையா? சற்றேறக்குறைய 125,000 உயிரின மாதிரிகளைத் தம் கைகளாலும் உதவியாளர்களின் கைகளாலும் திரட்டியவர் அவர். வண்டுக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் பொருந்திய விதி தன் மனத்துக்கும் பொருந்தும் என்னும் இடத்தில்தான் அவர் நின்றார். பரிணாமத்தை மறுப்போர் பலரும் இன்றும் இதே இடத்தில்தான் நிற்கின்றனர்.

வயலில் ஒப்புக்கொள்வதும் வீட்டில் மறுப்பதும்

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மெர்கோங்கிலிருந்து சிறிது தொலைவு சென்றாலே மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் வயல்கள் கண்ணுக்கெட்டிய வரை விரிகின்றன. அங்குள்ள உழவர்களுக்குப் ‘பாடி ஆங்கின்’ எனப்படும் காற்றுநெல் பெருந்தொல்லை. நாற்று நடும் முறை குறைந்து நேரடி விதைப்பு பரவியபின் இக்களைநெல் பெருகியது. பார்வைக்குப் பயிர்நெல் போலவே இருக்கும். முற்றியதும் மணிகள் தாமே உதிர்ந்து மண்ணில் புதைந்து மறு பருவத்தில் முளைக்கும். வேறுபட்டுத் தெரிந்த களைகளை உழவர்கள் பிடுங்கியெறிய, பயிரைப் போன்று தோன்றியவை தப்பிப் பிழைத்தன. 2010ஆம் ஆண்டில், குறிப்பிட்ட களைக்கொல்லியைத் தாங்கும் நெல்விதை நம் நாட்டில் அறிமுகமானது. சில ஆண்டுகளில் அம்மருந்தைத் தாங்கும் காற்றுநெல்லும் தோன்றிவிட்டது.

வேறுபாடு, தேர்வு, மரபுவழிக் கடத்தல் என்னும் மூன்றும் இங்கு நம் கண்முன்னே நிகழ்கின்றன. இதுவே பரிணாமம். இதைக் கேட்டு எந்த உழவரும் சினங்கொண்டதில்லை. பேச்சு களையிலிருந்து மனிதனுக்கு மாறியவுடன்தான் குரல்கள் உயர்கின்றன. எங்கள் அறிவியல் பாடத்தில் விலங்குகளின் ‘நீடுநிலவல்’ பற்றிப் படிக்கிறோம். ஆமை ஓட்டுக்குள் ஒடுங்குவதையும் அழுங்கு உருண்டையாகச் சுருள்வதையும் மாணவர்கள் விருப்பத்தோடு கேட்பார்கள். ஒருமுறை ஒரு மாணவி, “அப்படியானால் நாமும் இப்படித்தான் வந்தோமா, ஐயா? நம் தாத்தாவுக்குத் தாத்தா குரங்கா?” என்றாள். வகுப்பே சிரித்தது, அவள் மட்டும் சிரிக்கவில்லை. அக்கேள்விக்குள் இருந்தது அறிவியல் ஐயம் மட்டுமன்று, அவமான அச்சமும் அதில் கலந்திருந்தது.

மனத்தின் மூன்று பழக்கங்கள்

உளவியலாளர்கள் இத்தயக்கத்தின் வேர்களை ஆராய்ந்துள்ளனர். முதலாவது, ஒவ்வோர் உயிரினத்துக்கும் மாறாத ஓர் உட்சாரம் உண்டு என்று எண்ணும் பழக்கம். பூனைக்குப் புலி வேடம் போட்டாலும் அது பூனையே என்று சின்னஞ்சிறு பிள்ளைகளும் உறுதியாகக் கூறுவர். சூசன் கெல்மன் என்னும் ஆய்வாளர் இதனை விரிவாக ஆராய்ந்துள்ளார். அன்றாட வாழ்க்கைக்கு இப்பழக்கம் மிகவும் பயன்படும். ஆனால், ஓரினம் மெல்ல மெல்ல வேறோரினமாகலாம் என்பதை ஏற்க இதுவே தடையாகிறது.

இரண்டாவது, எல்லாவற்றிலும் நோக்கத்தைத் தேடும் பழக்கம். டெபோரா கெலமன் என்பவர் பாறைகள் ஏன் கூராக உள்ளன என்று சிறுவர்களைக் கேட்டார். விலங்குகள் உடம்பைச் சொறிந்துகொள்வதற்காக என்பது போன்ற விடைகளையே பலர் விரும்பினர். வளர்ந்தபின் இது மறைந்துவிடுவதில்லை. விரைந்து விடை கூறுமாறு நெருக்கியபோது தேர்ந்த அறிவியலாளர்களும் இத்தகைய விளக்கங்களின் பக்கம் சாய்ந்தனர் என்று 2013இல் வெளிவந்த அவருடைய ஆய்வு காட்டியது. நோக்கமின்றி நிகழும் ஒன்றிலிருந்து நேர்த்தி பிறக்கும் என்பதை மனம் எளிதில் ஒப்புவதில்லை.

மூன்றாவது, அச்சம். நாம் தற்செயலின் விளைவு என்றால் வாழ்வுக்கும் சாவுக்கும் பொருள் என்ன என்னும் கலக்கம். 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தம் இறப்பைப் பற்றிச் சிந்திக்கச் செய்யப்பட்டவர்கள் பரிணாமத்தினின்று விலகி, அறிவுள்ள ஒருவரின் வடிவமைப்பே உயிர்கள் என்னும் கருத்தை நோக்கி நகர்ந்தனர். அதே ஆய்வின் மற்றொரு பகுதியில், இயற்கையை அறிவதிலும் வாழ்வுக்குப் பொருள் உண்டு என்று விளக்கும் கார்ல் சாகனின் எழுத்தை முதலில் படித்தவர்களிடம் இந்நகர்வு காணப்படவில்லை. மனம் சான்றை மட்டும் கேட்பதில்லை, ஆறுதலையும் கேட்கிறது என்பது இதனால் விளங்குகிறது.

ஏணி என்னும் நினைப்பு

இம்மூன்றோடு நான்காவது ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். உயிர்களை ஓர் ஏணியின் படிகளாகக் காணும் பழக்கம் அது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகைப்படுத்துகிறது. புல்லும் மரமும் முதற்படி. மனிதர் ஆறாம் படி. புலன்களை அடிப்படையாகக் கொண்டு அத்தொல்காலத்திலேயே உயிர்களை வகுத்த நம் முன்னோரின் நுண்ணறிவு போற்றத்தக்கது. ஐரோப்பியரும் உயிர்களை நெடுங்காலம் ஒரு சங்கிலியாக, கீழிருந்து மேலாக, அடுக்கி வைத்திருந்தனர். டார்வினின் நூலில் உள்ள ஒரே படமோ கிளைத்துச் செல்லும் மரம் போன்றது. மரத்தில் மேற்படியும் கீழ்ப்படியும் இல்லை. இன்று வாழும் குரங்கு நம் பாட்டனன்று. வேறொரு கிளையின் நுனியில் நிற்கும் தூரத்து உறவினர். சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான மூதாதையர் 60 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன்னர் வாழ்ந்து மறைந்தவர்.

மரத்தை ஏணியாகப் படித்ததால் விளைந்த தீமை பெரிது. செர்மானிய உயிரியலாளர் ஏர்ணஸ்டு ஹெக்கல் போன்றோர் மனித இனங்களையே படிகளாக அடுக்கினர். ஐரோப்பியரை உச்சியில் வைத்தனர். கருநிற மக்களைக் குரங்குக்கு அருகில் நிறுத்தினர். குடியேற்ற ஆட்சிக்கு இது வசதியான கருத்தாயிற்று. நம் தோட்டப்புறங்களின் அமைப்பே ஓர் ஏணிதானே! மேட்டில் துரையின் பங்களா, அதற்குக் கீழே கிராணிமார் வீடுகள், பள்ளத்தில் தொழிலாளர்களின் லயத்து வீடுகள். என் பாட்டனார் பால்மரம் சீவியவர். ‘குரங்கு’ என்பது அவர் தோட்டத்தில் கேட்ட வசைச்சொற்களுள் ஒன்று. அத்தகைய வசையைச் சுமந்த மக்களின் பேரப்பிள்ளையிடம் ‘மனிதன் குரங்கிலிருந்து வந்தான்’ என்று முன்பின் விளக்கமின்றிச் சொன்னால், அது பழைய வசையின் எதிரொலியாகவே காதில் விழும். மறுப்பவரை மூடர் என்று இகழும் முன் இதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இலெமூரியாவும் நாமும்

தாழ்த்தப்பட்ட ஓர் இனம் அதே ஏணியில் உயர்ந்த இடத்தைத் தேடுவது இயல்பு. இங்குதான் குமரிக்கண்டத்தின் கதை வருகிறது. 1864ஆம் ஆண்டு பிலிப்பு ஸ்கிலேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலாளர், லெமூர் எனப்படும் விலங்கினமும் அதன் உறவினங்களும் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் காணப்படுவதை விளக்க, இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலப்பரப்பு இருந்து மறைந்திருக்கலாம் என்றார். அதற்கு இலெமூரியா என்று பெயரிட்டார். ஹெக்கல் அவ்விடமே மனித இனத்தின் தொட்டிலாக இருக்கலாம் என்று கருதி வரைபடமும் வெளியிட்டார்.

இச்செய்தி தமிழறிஞர்களை எட்டியபோது அவர்கள் உள்ளம் பூரித்தது. கடல்கோள் பற்றிய செய்தி இறையனார் களவியல் உரையிலும் அடியார்க்குநல்லார் உரையிலும் முன்பே இருந்தது. கடல்கொண்ட நம் நிலமும் மேனாட்டார் கூறிய இலெமூரியாவும் ஒன்றே என்று 20ஆம் நூற்றாண்டில் பலர் எழுதினர். மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் இதனைத் தம் வாழ்நாள் ஆய்வின் அடித்தளமாகவே கொண்டார். மாந்தன் தோன்றியதும் தமிழ் தோன்றியதும் குமரிக்கண்டத்தில் என்றார். 1981 சனவரியில் மதுரையில் நடைபெற்ற ஐந்தாம் உலகத் தமிழ் மாநாட்டிலும் அவர் மாந்தன் தோற்றம் பற்றியே உரையாற்றினார். உரைக்குப் பின் உடல்நலங்குன்றி, அம்மாதமே மறைந்தார். அதே மாநாட்டில் தமிழக அரசு தயாரித்த குமரிக்கண்டம் பற்றிய ஆவணப்படமும் திரையிடப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. ஹெக்கல் கற்பனை செய்த ஆதி மனிதக் குரங்குக்கு அவர் இட்ட பெயரின் பொருள் ‘பேச்சற்ற குரங்கு மனிதன்’ என்பதாகும். அவர் பேச்சில்லாதவனைக் குடிவைத்த நிலத்தில் நாம் செந்தமிழ் பேசியவனைக் குடியேற்றினோம். பரிணாமத்தில் நமக்குப் பெருமை தந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றதை விட்டுவிட்டோம்.

அறிவியல் அங்கேயே நின்றுவிடவில்லை. 1912இல் வெகனர் கண்டங்கள் நகர்கின்றன என்றார். 1960களில் கடற்தள ஆய்வுகள் அக்கருத்தை நிலைநாட்டின. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை என்று தெரிந்தபின், மூழ்கிய பெருங்கண்டத்துக்குத் தேவையே இல்லாமற்போனது. மனித இனம் ஆப்பிரிக்காவில் தோன்றியது என்பதற்குப் புதைபடிவங்களும் மரபணுக்களும் சான்று பகர்கின்றன. மொரோக்கோவில் கிடைத்த எலும்புகள் சுமார் 3 இலட்சம் ஆண்டுப் பழைமையுடையவை என்று 2017இல் அறிவிக்கப்பட்டது. எனினும், இலெமூரியாவைக் கைவிட நம்மில் பலருக்கு மனம் வரவில்லை. பாவாணரின் சொல்லாராய்ச்சியை நான் பெரிதும் மதிப்பவன். அவர் பொருட்டே இதைச் சொல்கிறேன்: தம் காலத்து அறிவியலைத் தேடிப் படித்த அறிஞருக்கு நாம் செய்யும் மரியாதை, நம் காலத்து அறிவியலை நாமும் தேடிப் படிப்பதே ஆகும்.

‘அன்றே சொன்னார்கள்’

மறுப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. ‘இது நமக்குப் புதிதன்று’ என்று சொல்லி ஏற்பதுபோல் விலக்குவது அது. திருமாலின் பத்து அவதாரங்கள் மீனில் தொடங்கி மனிதனில் முடிவதால் அதுவே பரிணாமம் என்பார்கள். சிவபுராணத்தில் மணிவாசகர் பல பிறவிகளை வரிசையாகப் பாடியிருப்பதால் அவரே டார்வினுக்கு முன்னோடி என்பார்கள். திருவாசகம் பேசுவது ஓர் உயிர் பிறவிதோறும் அலைந்து இறைவனடி சேரத் துடிக்கும் ஆன்ம அனுபவம். டார்வின் பேசுவது தலைமுறைகளினூடே ஓரினக் கூட்டத்தில் நிகழும் மாற்றம். இரண்டையும் ஒன்றாக்கினால் மணிவாசகரையும் இழப்போம், டார்வினையும் இழப்போம்.

இந்தப் போக்கு உயர்ந்த பதவிகளையும் விட்டுவைக்கவில்லை. 2018 சனவரியில் இந்தியாவின் கல்வித்துறை இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை யாரும் கண்டதில்லை, டார்வின் கொள்கை தவறு என்றார். 2019இல் இந்திய அறிவியல் மாநாட்டில் ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர், டார்வின் கொள்கையைவிடத் தசாவதாரமே சிறந்தது என்று பேசினார். 2023இல் இந்தியாவின் பத்தாம் வகுப்புப் பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டதைக் கண்டித்து 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டனர். இவர்கள் யாவரும் படித்தவர்களே.

ஏற்போரிடமும் இதே உளவியல் இயங்குவதுண்டு. 1930களில் சிங்காரவேலர் போன்றோர் ‘குடிஅரசு’ ஏட்டில் அறிவியலை எளிய தமிழில் எழுதி அரும்பணி ஆற்றினர். பெரியார் 1929இன் இறுதியில் மலாயாவுக்கு வந்தபின் அச்சிந்தனைகள் இங்கும் பரவின. பிறப்பால் உயர்வு தாழ்வு இல்லை என்பதற்குப் பரிணாமம் அவர்களுக்குத் துணைநின்றது. ஆனால், தான் சார்ந்த அணி ஏற்கிறது என்பதற்காக மட்டும் ஏற்பவர் இயற்கைத் தேர்வு என்றால் என்ன என்று விளக்கத் தடுமாறுவார். ஒருவர் பரிணாமத்தை நம்புகிறேன் என்பதும் நம்பவில்லை என்பதும் அவர் எவ்வளவு அறிந்தவர் என்பதைவிட, அவர் யாரைச் சேர்ந்தவர் என்பதையே பெரிதும் காட்டுகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் டான் கஹான் கூறியிருக்கிறார். நம்மவர்க்கும் இது பொருந்தும்.

தமிழே காட்டும் வழி

அவ்வாறாயின் மாணவர்களுக்கு எப்படிச் சொல்வது? நம் மொழியின் வரலாற்றிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. 1856ஆம் ஆண்டு கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு, தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு முதலியவை ஒரே குடும்பம் என்று நிறுவினார். டார்வினின் நூலுக்கு மூன்றாண்டு முந்தியது அது. மொழிகள் கிளைப்பதும் உயிரினங்கள் கிளைப்பதும் ஒப்புமை உடையன என்று டார்வினும் 1871இல் எழுதினார்.

மேலைக் கடற்கரையில் வழங்கிய தமிழ் நூற்றாண்டுகளினூடே மலையாளமாயிற்று. எந்த ஒரு நாளிலும் தமிழ் பேசிய தாய்க்கு மலையாளம் பேசிய மகள் பிறக்கவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் தன் தாயின் மொழியையே பேசியது; ஆயினும் மொழி மாறிவிட்டது. இன்றைய தமிழும் சங்கத் தமிழினின்று மாறியதே. ‘குரங்கு மனிதனானதை யார் கண்டது?’ என்று வினவுவோர்க்கு இதுவே தக்க விடை. மலையாளம் பிறந்த நாளையும் யாரும் கண்டதில்லை. ஆனால், அதன் ஒவ்வொரு சொல்லிலும் உறவு தெரிகிறது. உறவு தெரிவதால் எவர்க்கும் இழிவில்லை. தெலுங்கு மேற்படி, துளு கீழ்ப்படி என்று யாரும் சொல்வதில்லை.

மொழிகளை மரமாகக் காணப் பழகிய நமக்கு உயிர்களையும் மரமாகக் காண்பது அரிதன்று. அந்த மரத்தில் துரைக்கும் தொழிலாளிக்கும் வெவ்வேறு கிளைகள் இல்லை; இருவரும் ஆப்பிரிக்க மண்ணில் தோன்றிய ஒரே குடும்பத்தின் பிள்ளைகள். என் பாட்டனார் கேட்ட வசைக்கு அறிவியல் தரும் மறுமொழி அதுவே. தமிழின் தொன்மைக்கும் மூழ்கிய கண்டம் தேவையில்லை. சங்க இலக்கியமும் கீழடி மண்ணுமே போதுமான சான்றுகள்.

பிள்ளைகள் அச்சத்தோடு கேட்கும் கேள்வியை நகைத்து ஒதுக்காமல், முதலில் அவர்களின் மானத்தைக் காத்து, பிறகு சான்றுகளை முன்வைப்போம். அவமதிப்பு இல்லாத இடத்தில் அறிவு தயங்காமல் நுழையும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.

அன்புடன்,
மெர்கோங்கிலிருந்து ஒரு தமிழாசிரியன்